இரண்டு பக்கமும் இருநூற்று எண்பத்தேழு

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே காலுக்குப் பார்த்தபோது கலியமூர்த்திக்கு இரண்டு மனைவிகள் இருந்தார்கள். இரண்டு பேர் பெயரும் லீலாவதி. இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே ஊரில் பிறந்து, ஒரே முகூர்த்தத்தில் அவரையே கல்யாணம் செய்துகொண்டிருந்தார்கள்.

"லீலா, கொஞ்சம் இங்க வா" என்றார் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடி.

அசல் லீலாவதி கையில் தோசைக் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"உன் இனிஷியல் என்ன?"

"இருபத்தாறு வருஷம் கழிச்சு நல்லாக் கேட்டீங்க."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. ஆரா, கேயா?"

"கல்யாணத்துக்கு முன்னால ஆர். அப்புறம் கே. ரேஷன் கார்டுல ரெண்டும் இல்ல." அவள் திரையை உற்றுப் பார்த்தாள். "அது யாரு என் பக்கத்துல?"

"அதுவும் நீதான்."

"அவளுக்கும் தோசை வேணுமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

கலியமூர்த்திக்குச் சிரிப்பு வரவில்லை. மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர் அவர். முப்பது வருஷ சர்வீஸில் ஒரு ஃபைலில் ஒரே ஆசாமி இரண்டு தடவை இருந்ததாக எவரும் அவரைக் குற்றம் சொன்னது கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் டெல்லி நேரு பிளேஸில் 'கிரேட் ஓக்' என்ற அமெரிக்க ப்ரோகிராம் சி.டி.யை வாங்கிவந்து, துவாரகா ஃப்ளாட்டின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, சீர்காழிப் பக்கத்து முப்பாட்டனார் முதல் தன் மகள் மதுமதி வரை ஒவ்வொருவராக ஏற்றியிருந்தார். யாருக்கு யார் பிள்ளை, யார் பெண்டாட்டி, எப்போது பிறந்தார், எப்போது போனார் எல்லாம் அதில் இருந்தது.

வம்பு வந்தது அவருடைய சித்தப்பா மகன் ஜோதிலிங்கத்தால். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருந்த ஜோதிலிங்கமும் அதே குடும்பத்தை 'வம்சாவளி 2000' என்ற வேறொரு ப்ரோகிராமில் ஏற்றிக்கொண்டிருந்தான். அவனிடம் இருந்த சிலர் இவரிடம் இல்லை. இவரிடம் இருந்த பல தேதிகள் அவனிடம் இல்லை. நவம்பரில் டெல்லியில் இருக்கிற சொந்தபந்தம் அத்தனை பேரையும் ஒரு இடத்தில் கூட்டுவது என்றும், அன்றைக்குப் பன்னிரண்டு அடி நீளத்துக்குக் குடும்ப சார்ட் ஒன்றைச் சுவரில் மாட்டுவது என்றும் கலியமூர்த்தி எல்லோருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டார். அதற்குள் இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே கணக்கைச் சொல்ல வேண்டும்.

சுலபம் என்றுதான் நினைத்தார். ஒரு ப்ரோகிராமில் இருக்கிற ஆட்களை இன்னொன்றுக்குக் கொண்டுபோக ஜெட்காம் என்று பொதுவான ஒரு கோப்பு இருந்தது. அதை ஃப்ளாப்பியில் போட்டு ஜோதிலிங்கம் கொடுத்துவிடுவான். இவர் தன் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். பிறகு இவர் ஃப்ளாப்பி அங்கே போகும். அப்படிப் போய்வந்த முதல் ஃப்ளாப்பிதான் இரண்டாவது லீலாவதியைக் கொண்டுவந்தது.

தோசை ஆறிக்கொண்டிருந்தது. அவர் இரண்டு லீலாவதியையும் தேர்ந்தெடுத்து, ஒன்றாக்கு என்று உத்தரவு கொடுத்தார். குடும்பப் பெயர் எது என்று கிரேட் ஓக் கேட்டது. நம் ஊரில் அப்படி ஒன்று கிடையாது என்று அதற்குச் சொல்ல முடியாததால், கலியமூர்த்தி என்று போட்டார். அது ஒரு நிமிஷம் யோசித்தது. கலியமூர்த்தி என்று பெயர் முடிகிறதே, அப்படியானால் இவள் கலியமூர்த்தியின் மகளாகத்தான் இருக்க வேண்டும் என்று தானாக முடிவு செய்து, லீலாவதியை மதுமதிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது.

தலை துவட்டிக்கொண்டே வந்த மதுமதி பார்த்துவிட்டாள்.

"அச்சா, அப்போ அம்மா எனக்கு தீதி, அக்கா."

"போம்மா, நீ வேற."

"அப்பா, சோடோ நா, விடுங்க. ஒரு பேப்பர்ல வரைஞ்சா முடிஞ்சு போச்சு."

பேப்பரில் வரைவதா. அவருக்கு அதைக் கேட்டதும் கால் ஆடத் தொடங்கிவிட்டது. ஏதாவது சரியாக வரவில்லை என்றால் அவருக்கு முதலில் வலது கால் ஆடும், பிறகு இடது. இரண்டும் ஆடினால் எழுந்து பால்கனிக்கும் ஹாலுக்கும் நடப்பார்.

அன்று மத்தியானம் வரை நடந்தார்.

அடுத்த வாரம் சுப்பு வந்து சேர்ந்தார். ஜோதிலிங்கத்தின் அக்கா பொன்னி கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமன் சுப்புவை. குடும்பத்தில் யாருக்கும் இது செய்தி கிடையாது. கிரேட் ஓக் மட்டும் பதறியது. இந்த நபர் ஏற்கெனவே இந்தப் பெண்ணுக்கு மாமா, கணவராக இருக்க வழியில்லை என்று மஞ்சள் எழுத்தில் எழுதி, சுப்புவை இரண்டாக வகுந்து, பொன்னியின் அம்மாவுக்குத் தம்பியாக ஒரு சுப்பு, பொன்னிக்குப் புருஷனாக ஒரு சுப்பு என்று கொடுத்தது. கலியமூர்த்தி சேர்த்துவைத்தார். பொன்னி தன் அம்மாவுக்கே தம்பி பெண்டாட்டியாகிறாள், இது நடக்காத காரியம் என்று அது மறுபடி எழுதியது.

"நடக்காத காரியமா? நான் போய் மொய் எழுதிட்டு வந்த கல்யாணம்டா" என்று அவர் திரையைப் பார்த்துச் சொன்னார்.

ஆபீஸுக்குப் போகிற சார்ட்டர்ட் பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் இதைச் சொல்லிப் பார்த்தார். அவர் பஞ்சாபி. மாமாவைக் கட்டிக்கொள்கிற விஷயத்தை இந்தியில் கேட்டதும் கம்ப்யூட்டர் சொல்வதுதான் நியாயம் என்பதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கலியமூர்த்தி அடுத்த ஸ்டாப்பில் எழுந்து வேறு சீட்டில் போய் உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் தேதிகள்.

ஜோதிலிங்கத்தின் ப்ரோகிராம் முதலில் நாளையும் பிறகு மாதத்தையும் எழுதும். அமெரிக்காக்காரனுக்கு மாதம் முதலில். இருபத்தைந்து போலப் பன்னிரண்டைத் தாண்டிய தேதியில் பிறந்தவர்களைக் கண்டதும் கிரேட் ஓக் இருபத்தைந்தாம் மாதம் என்று ஒன்று இல்லையே என்று குழம்பி, அந்தத் தேதியைப் பக்கத்துக் கட்டத்தில் தள்ளிவிட்டது. பக்கத்துக் கட்டம் இறந்த தேதி. ஒரே காலையில் நாற்பத்தொரு பேர் போய்விட்டார்கள்.

கலியமூர்த்தி அதைக் கவனிக்கவில்லை. ஒன்றுகூடலுக்கு அழைப்பு அனுப்ப வேண்டிய அவசரத்தில், முகவரிச் சீட்டுகளை ப்ரோகிராமே அச்சடித்துக் கொடுக்கும் என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில், அச்சடித்து, ஒட்டி, தபாலில் போட்டுவிட்டார்.

நாலாம் நாள் கரோல்பாகிலிருந்து மாமனார் ரங்கராஜன் ஃபோன் செய்தார். எண்பத்து நாலு வயசு. குரல் மட்டும் இன்னும் ஹெட்மாஸ்டர் குரல்.

"மாப்ளே, பத்திரிகை வந்துச்சு."

"சந்தோஷம் மாமா. அவசியம் வரணும்."

"வரணும்னுதான் பாக்கறேன். 'அமரர் ரங்கராஜன்'னு போட்டிருக்கே. அமரரா வரணுமா, சாதாரணமா வரலாமா?"

கலியமூர்த்தி நின்ற இடத்திலேயே நின்றார்.

"மாமா, அது வந்து, தேதி மாறிப்போச்சு."

"எந்தத் தேதி?"

"நீங்க பொறந்த தேதி நீங்க போன தேதியா மாறி..."

"சரி, சரி. லீலாகிட்டக் குடுங்க" என்றார் ரங்கராஜன்.

லீலாவதி அரை மணி நேரம் பேசினாள். வைத்துவிட்டு வந்து, "எங்கப்பாவை நீங்க உயிரோட கொண்டுவர்ற வரைக்கும் நான் சமைக்கப் போறதில்ல" என்றாள். குரலை உயர்த்தாமல் சொன்னதால் அது நடக்கும் என்று அவருக்குத் தெரிந்தது.

நாற்பத்தொரு பேரை ஒவ்வொருவராகத் திருத்த நேரமில்லை. இறந்த தேதிக் கட்டத்தையே மொத்தமாகக் காலி செய்துவிட்டார். மாமனார் உயிரோடு வந்தார். கூடவே நிஜமாகவே போன தொண்ணூற்றாறு பேரும் வந்தார்கள். விட்டுப்போனவர்களுக்கு என்று இரண்டாவது கட்டு அழைப்பு அச்சாகித் தபாலுக்குப் போனபோது அது அவருக்குத் தெரியாது.

இந்தத் தடவை ஃபோனில் ஜோதிலிங்கம்.

"அண்ணே, எங்கப்பாவுக்குப் பத்திரிகை வந்திருக்கு."

"அப்படியா?"

"'குடும்பத்தோட முன்னாடியே வந்து நடத்திக் குடுக்கணும்'னு வேற போட்டிருக்கீங்க. ஆறு வருஷமாச்சே அண்ணே. எந்த அட்ரஸுக்குத் திருப்பி அனுப்பட்டும்?"

"உன் ஃப்ளாப்பிதான் எல்லாத்துக்கும் காரணம்."

"என் பக்கம் எல்லாம் சரியாத்தாண்ணே இருக்கு. உங்க அமெரிக்காக்காரன்தான் கெடுக்கறான்."

"உன்கிட்ட எத்தனை பேர் இருக்காங்க?"

"இருநூத்தி எண்பத்தெட்டு."

கலியமூர்த்தி தன்னுடையதை எண்ணிப் பார்த்தார். இருநூற்று எண்பத்தேழு.

நிஜமாகவே போனவர்களின் தேதிகளைக் கையால் மறுபடி ஏற்றி முடித்ததும், யார் அந்த ஒருவர் என்று தேட ஆரம்பித்தார். மூன்று சாயங்காலம் பிடித்தது. ஜோதிலிங்கத்தின் பட்டியலை அச்சடித்து, பென்சிலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக டிக் அடித்துக்கொண்டே வந்தவர், அப்பாவு என்ற தன் அப்பாவின் பெயருக்குக் கீழே வந்து நின்றார். அப்பாவுவின் பிள்ளைகள் என்று இரண்டு பேர் இருந்தார்கள். கலியமூர்த்தி, ஜூலை 1949. அவருக்கு மேலே மஹாலட்சுமி, பிப்ரவரி 1949. அம்மா என்ற இடம் காலி.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு மாதத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார்.

"லீலா, இதைப் பாரு. ஜோதி ப்ரோகிராம் லட்சணத்தைப் பாரு. எனக்கு ஒரு அக்கா பொறந்திருக்கா."

லீலாவதி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தாள். பிப்ரவரி என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

"மஹாலட்சுமி யாரு தெரியுமா? எங்க அத்தை. அப்பாவோட அக்கா. ஒம்பது வயசுல காய்ச்சல்ல போயிட்டாங்க. ஒரு படி மேல இருக்க வேண்டியவங்க ஒரு படி கீழ விழுந்திருக்காங்க, அவ்வளவுதான்" என்றார் கலியமூர்த்தி.

"அப்போ அந்தத் தேதி?"

"ப்ரோகிராமே போட்டுக்கிட்ட தேதி. அதுலதானே மாட்டிக்கிச்சு. அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவுல அஞ்சு மாசம். எந்த அம்மாவால முடியும்?"

"இருந்துட்டுப் போகட்டுமே. நான்கூடத்தான் ரெண்டு தடவை இருந்தேன்" என்றாள் லீலாவதி.

இருந்துவிட்டுப் போகட்டும் என்பது கலியமூர்த்தியின் அகராதியில் கிடையாது. அது அவருடைய அப்பாவிடமிருந்து வந்த குணம். அப்பாவு ஆடிட் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம், அதில் சில வருஷம் ஜபல்பூரில், இருந்தவர். ஒரு பக்கம் எழுதினால் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. அவர் பெயருக்குக் கீழே இப்படி ஒரு பிசகு சுவரில் தொங்கினால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

அங்கேயும் மஹாலட்சுமியை அழிக்கச் சொல்லி, அவள் இல்லாத தன் ஃப்ளாப்பியை ஆர்.கே.புரம் அனுப்பினார். அடுத்த வாரம் அங்கிருந்து வந்த ஃப்ளாப்பியை ஏற்றினார். மஹாலட்சுமி இருந்தாள்.

அழித்தார். மறுபடி வந்தாள். லட்சுமிக்கு ஆங்கிலத்தில் 'எக்ஸ்' போட்டு ஒருத்தி, 'கே.எஸ்.எச்.' போட்டு ஒருத்தி என்று இந்தத் தடவை இரண்டு பேராக வந்தாள். இரண்டு பேரையும் ஒன்றாக்கி, அதை அத்தையோடு ஒன்றாக்கினால் தொல்லை விட்டது என்று நினைத்துச் செய்தார். விளைவாக, அத்தை 1931-இல் காலமாகி 1949-இல் பிறந்தாள். கிரேட் ஓக் அதை மஞ்சளில்கூட எழுதவில்லை, சிவப்பில் எழுதியது.

ஆபீஸில் நோட் எழுதும்போது பேனா தானாக நின்றுவிடும். ஓரத்தில் அப்பாவு என்று எழுதி, கீழே ஒரு கோடு இழுத்து, கலியமூர்த்தி என்று எழுதி, பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு அடிப்பார். இப்படி அடித்த கட்டத்தோடு ஒரு ஃபைல் ஜாயின்ட் செக்ரெட்டரி வரை போய், 'இது என்ன?' என்ற கேள்வியோடு திரும்பிவந்தது. கலியமூர்த்தி அதற்கு எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று.

நேரு பிளேஸிலிருந்து இஸ்மாயிலை வரவழைத்தார். ஆம்பூர்க்காரர், கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார், அந்த சி.டி.யை விற்றவரே அவர்தான். இஸ்மாயில் அரை மணி நேரம் மவுஸை அங்குமிங்கும் நகர்த்திப் பார்த்தார்.

"சார், உங்க மெஷின்ல கோளாறு ஒண்ணுமில்ல."

"பின்ன இந்த அம்மா எங்கேர்ந்து வர்றாங்க?"

"அங்கேர்ந்துதான் வர்றாங்க. அந்தப் பக்கம் இருக்கற வரைக்கும் ஒவ்வொரு தடவையும் வருவாங்க சார்."

"ப்ரோகிராம் தப்புதானே? நீங்களே பாருங்க. இவங்க பிப்ரவரி, நான் ஜூலை. இப்படிப் பொறக்க முடியுமா?"

இஸ்மாயில் திரையைப் பார்த்தார், கலியமூர்த்தியைப் பார்த்தார், தேநீரைக் குடித்து முடித்தார்.

"கஷ்டம்தான் சார்" என்றார்.

"ப்ரோகிராமே சந்தேகம்னு மஞ்சள்ல போட்டிருக்கு பாருங்க. அதுக்குத் தெரியாதா?"

பொன்னியின் கல்யாணத்தில் அதே மஞ்சளோடு தான் சண்டை போட்டது அப்போது அவர் ஞாபகத்துக்கு வரவில்லை.

"ரெண்டு பக்கமும் ஒரே ப்ரோகிராம் போட்டுடுங்க சார்" என்றார் இஸ்மாயில். "பாஸ்வேர்டு ஒருத்தர்கிட்ட மட்டும் இருக்கட்டும். அப்புறம் யாரும் எதையும் சேர்க்க முடியாது."

கலியமூர்த்திக்கு இரண்டு காலும் நின்றன.

அடுத்த சனிக்கிழமை கிரேட் ஓக் சி.டி.யோடு பஸ் ஏறி ஆர்.கே.புரம் போனார். ஜோதிலிங்கத்தின் மனைவி அகல்யா கதவைத் திறந்தாள்.

"வாங்க மாமா. காபி போடட்டுமா?"

"முதல்ல வேலை முடியட்டும்மா."

ஜோதிலிங்கம் உள்ளே இருந்து வந்தான். ஏர்போர்ட்டில் வேலை. நைட் டியூட்டி முடித்த கண். சி.டி.யைக் கண்டதும் அவன் முகம் சுருங்கியது.

"அண்ணே, என்னோட வம்சாவளிய ஏன் எடுக்கணும்? எனக்கு அது பழகிப்போச்சு."

"பழக்கம் முக்கியமா, சரியா இருக்கறது முக்கியமா?"

"நீங்க அந்த ஒரு பேருக்காகத்தானே இவ்வளவும் பண்றீங்க?"

"ஆமா. நீயே அழிச்சிருந்தா நான் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன். எத்தனை தடவை சொன்னேன்?"

"ஒருத்தரைச் சேக்கறதுன்னா சேப்பேண்ணே. அழிக்கறது எனக்கு ஆகாது."

"கம்ப்யூட்டர்ல அழிக்கறதுல என்னப்பா ஆகாதது?"

ஜோதிலிங்கம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஒரு நாள் நிதானமா உக்காந்து பேசலாம்னு இருந்தேன்."

"நிதானத்துக்கு எங்க நேரம்? இன்னும் பத்து நாள்ல சார்ட் பிரிண்டுக்குப் போகணும். நகரு."

அகல்யா காபியோடு வந்து இரண்டு பேரையும் பார்த்தாள். "என்னங்க, மாமா அவர் இஷ்டப்படி பண்ணட்டும், விடுங்க" என்றாள் புருஷனிடம்.

கலியமூர்த்தி வம்சாவளி 2000-ஐ எடுத்தார். கிரேட் ஓக்கைப் போட்டார். தன்னுடைய இருநூற்று எண்பத்தேழு பேரை ஏற்றினார். பாஸ்வேர்டு போட்டார். போடும்போது இடது கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டார்.

"அண்ணே, என் வீட்டுக் கம்ப்யூட்டர் இது" என்றான் ஜோதிலிங்கம் மெதுவாக.

"குடும்பம் எல்லாருக்கும் பொது" என்றார் கலியமூர்த்தி.

காபியை அவர் குடிக்கவில்லை. திரும்பும்போது ஜோதிலிங்கம் பஸ் ஸ்டாப் வரை வரவில்லை. எப்போதும் வருகிறவன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் கலியமூர்த்திக்கு அது உறைத்தது. காபி குடித்திருக்கலாம்.

ஒரு வாரம் ஃபோன் இல்லை. தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு வருகிற ஃபோன். அவர் ஏழு மணிக்கு டெலிஃபோன் பக்கத்தில் உட்கார்ந்து, ஏழரைக்கு எழுந்து நடந்தார்.

"நீங்களே பண்ண வேண்டியதுதானே?" என்றாள் லீலாவதி.

"தப்பு அவன் பேர்ல."

"அவர் வீட்டுல போய் அவர் சாமானைத் தூக்கிப் போட்டுட்டு, தப்பு அவர் பேர்லயா?"

எட்டாம் நாள் அவரே செய்தார். அகல்யாதான் எடுத்தாள். வீட்டுக்காரர் டியூட்டிக்குப் போயிருக்கிறார் என்றாள். சாப்பாட்டு ஏற்பாட்டைத் தானே பார்த்துக்கொள்வதாகவும், கேட்டரிங் ராமனிடம் பேசியாகிவிட்டது என்றும், மாமா எதற்கும் கவலைப்பட வேண்டாம் என்றும் சொன்னாள். குரலில் கோபம் எதுவும் தெரியவில்லை. கலியமூர்த்திக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"அகல்யா, அங்க கம்ப்யூட்டர்ல எத்தனை பேர்னு காட்டுது, கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா."

அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "இருநூத்தி எண்பத்தேழு மாமா."

இவர் பக்கமும் இருநூற்று எண்பத்தேழு. அவர் ரிசீவரை வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய், கேட்காமலே வெங்காயம் உரித்துக் கொடுத்தார்.

நவம்பர் மூன்றாம் ஞாயிறு. துவாரகா சொசைட்டியின் கம்யூனிட்டி ஹால். பன்னிரண்டு அடி சார்ட் மேடைக்குப் பின்சுவர் முழுவதும் தொங்கியது. முப்பாட்டனார் மேலே தனியாக நின்றார். கீழே போகப் போக விரிந்து, தரை ஓரத்தில் டெல்லிக் குழந்தைகள் வரிசையாக இருந்தார்கள். லீலாவதி ஒரே ஒரு தடவை இருந்தாள். சுப்பு முழுசாக இருந்தார். ரங்கராஜன் ஸ்வெட்டரும் மப்ளருமாக வந்து, தன் பெயருக்கு நேரே கைத்தடியை நீட்டி, இறந்த தேதி போட்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்து, "ம், மாப்ளே, பரவாயில்ல" என்றார்.

குழந்தைகளுக்குத் தமிழ் படிக்க வராது. பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்ததால் தேடிக் கண்டுபிடித்து, "மேய்ன் யஹான் ஹூன்", நான் இங்கே இருக்கிறேன் என்று விரலை வைத்துக் காட்டின. பெரியவர்கள் கூட்டமாக நின்று படித்தார்கள். யாரோ கலியமூர்த்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஜோதிலிங்கமும் வந்திருந்தான். வெள்ளைச் சட்டை, புது வேட்டி. கொஞ்ச நேரம் சார்ட்டின் ஒரு இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நல்லா வந்திருக்குண்ணே" என்றான்.

"உன் வேலையும் இதுல இருக்குப்பா" என்றார் கலியமூர்த்தி. தோளில் ஒரு தட்டுத் தட்டினார். ஜோதிலிங்கம் எதையோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் யாரோ பெஞ்சு போட அவனைக் கூப்பிட்டார்கள்.

பன்னிரண்டரைக்குப் பந்தி. கலியமூர்த்தி சட்டைப்பையிலிருந்து வருகைப் பட்டியலை எடுத்தார். அதுவும் கிரேட் ஓக் அச்சடித்துக் கொடுத்ததுதான். டெல்லியில் இருப்பவர்கள், உயிரோடு இருப்பவர்கள், விருந்து நடத்துகிற இரண்டு வீட்டாரைத் தவிர்த்து அறுபத்து மூன்று பேர். வாசலில் நின்று ஒவ்வொருவராக டிக் அடித்திருந்தார். அறுபத்து மூன்றும் வந்தாகிவிட்டது. இத்தனை மாதத்தில் இப்படி ஒரு கணக்கு தானாக நேராகி அவர் பார்க்கவில்லை.

கேட்டரிங் ராமன் தோளில் துண்டோடு வந்தார்.

"சார், அறுபத்து நாலு இலை போட்டாச்சு. சாம்பார் விடலாமா?"

"அறுபத்து மூணு."

"அறுபத்து நாலு சார். எல்லா இலையிலயும் ஆள் உக்காந்தாச்சு."

கலியமூர்த்தியின் வலது கால் லேசாக ஆடியது.

முதல் வரிசையிலிருந்து எண்ணினார். அறுபத்து நாலு. கடைசியிலிருந்து எண்ணினார். அறுபத்து நாலு. கேமராக்காரன் உட்கார்ந்துவிட்டானா என்று பார்த்தால், அவன் மேடையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தான். பட்டியலை எடுத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். சிலர் சாப்பிடுவதை நிறுத்தி, என்ன என்பதுபோல் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே தாண்டிப் போனார்.

மூன்றாவது வரிசை முடிவில் நின்றுவிட்டார். அங்கே பச்சைப் பட்டுப்புடவையில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது, ஐம்பத்தைந்து வயசிருக்கும். அவளைக் கலியமூர்த்தி பார்த்ததே இல்லை. இலையில் வைத்ததைத் தொடாமல், கழுத்தைத் திருப்பி மேடைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொசைட்டியில் வேறு ஏதாவது ஃபங்ஷனுக்கு வந்தவள் வழி தவறி இங்கே வந்துவிட்டாள் போலிருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தவளை எழுப்பக் கூடாது. ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே.

அகல்யா பாயச வாளியோடு எதிரே வந்தாள். அவர் அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அகல்யா, ஒரு ஆள் அதிகமா இருக்கு."

"எங்க மாமா?"

"மூணாவது வரிசை, கடைசி. பச்சைப் புடவை. யாருன்னே தெரியல. லிஸ்டுல இல்ல, சார்ட்டுலயும் இல்ல. நீ போய்ப் பக்குவமா விசாரி, யார் வீட்டு மனுஷங்கன்னு."

அகல்யா வாளியைக் கீழே வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்தாள். மூன்றாவது வரிசையை ஒரு தடவை பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"விசாரிக்க வேண்டாம் மாமா, நாங்கதான் கூப்பிட்டோம், உங்க மஹாலட்சுமி அக்கா காலைல ஜபல்பூர் வண்டியில வந்து இறங்கினாங்க, வந்ததுலேர்ந்து சார்ட்டுல தன் பேரைத் தேடிக்கிட்டிருக்காங்க, தம்பி வந்து காட்டுவாருன்னு சொல்லி உக்கார வெச்சிருக்கேன்."